கிணற்றின் மேல் விழுந்த பழி

பாப்பம்மாவின் வயிற்றைப் பற்றி ஃபிஜியின் லம்பாசா முழுக்கப் பேச்சு இருந்தது. கல்லைத் தின்றாலும் கரைத்துவிடும் வயிறு அது. கரும்பு வெட்டுக் காலத்தில் ஆண்களுக்குச் சமமாக நின்று வெட்டுவாள், அவர்களைவிட ஒரு பிடி கூடவே சாப்பிடுவாள், கை கழுவிய ஈரம் காயுமுன் கத்தியை எடுத்துவிடுவாள். நெஞ்சைக் கரிக்கிறது, வயிறு உப்புகிறது என்று யாராவது வந்தால், "திங்கத் தெரியாம தின்னா அப்படித்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவாள். அவள் வாய் அப்படி. மனசில் தோன்றியது மறு நிமிஷம் நாக்கில் நிற்கும். புருஷன் சிவன் ஆகட்டும், வெட்டுக் கூட்டத்தை நடத்தும் சர்தார் ஆகட்டும், ஊர்ச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் ஆகட்டும், சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவள் திரும்பியதே கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு வருஷம் வெட்டு தொடங்கிய சமயத்தில் சோறு இறங்காமல் போயிற்று. கப்பலில் ஆள் கொண்டுவந்த கூலி ஒப்பந்தம் ஒழிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

அதற்குக் காரணம் மரியம். மரியம் அவளுடைய ஜஹாஜி. மெட்ராசிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்களை ஃபிஜியில் அப்படித்தான் சொல்வார்கள். கூடப் பிறந்தவர்களுக்கு ஒரு படி மேலேயே வைப்பார்கள். இருவரும் பாவாடை கட்டிய வயசில் தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறியவர்கள். வழியெல்லாம் ஒரே தகரத் தட்டில் சாப்பிட்டோம், அதே தட்டில் வாந்தியும் எடுத்தோம் என்று பாப்பம்மா சொல்லிச் சிரிப்பாள். இவள் வீட்டில் விளக்கு ஏற்றினார்கள், அவள் வீட்டில் தொழுதார்கள். அதனால் இருவருக்குள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கலியாணத்துக்குப் பிறகும் அடுத்தடுத்த நிலம், நடுவில் ஒரு வாய்க்கால். ஜஹாஜிகளுக்குள் ஒரு முறை இருந்தது. பிறப்போ இறப்போ, பெண் கொடுப்பதோ நிலம் எடுப்பதோ, முதல் சொல் ஜஹாஜியின் காதில்தான் விழ வேண்டும். மரியத்துக்கு மூத்த பெண் ஸைரா பிறந்தபோது, வயலில் நின்ற தகப்பன் ஹனீஃபுக்கு முன்னால் பாப்பம்மாவுக்குத்தான் ஆள் ஓடியது.

சோறு இறங்காத கதை, சங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்ட நாளில் தொடங்கியது. ஊரே கூடி வேலை செய்து, நடுவில் டீ குடித்துக்கொண்டிருந்தது. வெட்டுக் கூட்டத்தில் கூட நிற்கிற அப்பல்சாமி, கோப்பையை ஊதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான்.

"ஹனீஃப் பாய் அடுத்த தீவுல ரராவாய்ப் பக்கம் நெலம் எடுத்துட்டாராமே. குடும்பத்தோட கடல் தாண்டிப் போறாங்களாம். ஒனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

பாப்பம்மாவுக்குத் தெரியாது. காதில் விழுந்தது அப்போதுதான். சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஜஹாஜி வீட்டுச் சேதியை அப்பல்சாமி வாயால் கேட்கிற நிலைமை வந்ததை நாலு பேர் நடுவில் எப்படி ஒத்துக்கொள்வது?

"தெரியாம என்ன," என்றாள். "மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. நல்ல நெலம், போகட்டும்னு நான்தான் சொன்னேன்."

வாழ்நாளில் மனசுக்கு மாறாக அவள் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும். பேசியதோடு தீர்ந்ததா? அதைக் காப்பாற்ற வேண்டுமே. யார் விசாரித்தாலும் சிரித்த முகத்தோடு தலையாட்ட வேண்டும். மரியம் தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மரியம் வரவில்லை. இவளும் வாய்க்காலைத் தாண்டவில்லை.

அன்று ராத்திரியே சோறு தொண்டையோடு நின்றுவிட்டது. மறுநாள் வயிறு கல் மாதிரி கனத்தது, நெஞ்சு எரிந்தது. எது போட்டாலும் அப்படியே கிடந்தது. பாப்பம்மா கலங்குகிறவள் இல்லை. குற்றவாளியைப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினாள். முதலில் ரொட்டி மாவைக் குறை சொன்னாள், கோழிக்குக் கொட்டினாள். கோழிகள் தின்று கொழுத்தன. பிறகு டாலோக் கிழங்கு மேல் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு நெய், புளி, பருப்பு. ஒவ்வொன்றாக அடுப்பங்கரையை விட்டுப் போக, சிவனுக்கு வெறும் கஞ்சிதான் மிஞ்சியது. பாவம், அவன் அதையே குடித்துவிட்டு வயலுக்குப் போனான்.

கடைசியில் கிணறு மாட்டிக்கொண்டது.

"தண்ணி கெட்டுப்போச்சு," என்றாள். "எறைக்கணும்."

"வெட்டு நேரத்துல கெணறு எறைக்க ஆளுக்கு எங்க போவேன்?" என்றான் சிவன். "நானும் அதே தண்ணியத்தானே குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஒனக்குச் சொரணை இருந்தாத்தானே."

இறைத்தார்கள். கரும்பு காத்துக்கிடக்க, அப்பல்சாமியோடு இன்னும் சிலர் திட்டிக்கொண்டே வாளி வாளியாக வெளியே கொட்டினார்கள். செத்த எலி கூட அகப்படவில்லை. சேற்றிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு மட்டும் வந்தது. எத்தனையோ வருஷம் முன்னால் மரியம் தண்ணீர் சேந்த வந்து கைதவறி விட்ட சொம்பு. அன்றைக்கு இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாப்பம்மா அதை வாங்கித் தொழுவத்து மூலையில் எறிந்தாள். ராத்திரி எரிச்சல் இன்னும் கூடிவிட்டது.

வேறு வழி இல்லாமல் நசியா கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே பல்ராம் என்கிற கம்பவுண்டர் மருந்து கலக்கிக் கொடுப்பார். முதல் தடவை கொடுத்த வெள்ளை மருந்து குடித்த சுவடே தெரியவில்லை. இரண்டாம் தடவை போனபோது பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே அவர் கேட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே விருந்துல சாப்பிட்டீங்களா?"

"எந்த ரெண்டு பேரு?"

"நீயும் ஒன் ஜஹாஜியும். அந்தம்மாவுக்கும் இதே மருந்துதான் போகுது. அங்கயும் சோறு எறங்கலையாம். நாளைக்குக் கப்பல் ஏறணும்னு நேத்து பெரிய பாட்டிலா வாங்கிட்டுப் போனாரு பாய்."

பாப்பம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டு கரும்பு ரயில் பாதையோரமாக நடந்தாள். அவள் மூளை எப்போதும் நேராக ஓடும், இப்போதும் ஓடியது. மரியம் வீட்டில் வேறு கிணறு. வேறு அடுப்பு, வேறு மாவு. கூரை போட்ட நாளிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் கூட இருவரும் சேர்ந்து குடிக்கவில்லை. அப்படி இருக்க இரண்டு வயிற்றுக்கும் ஒரே நோவு எங்கிருந்து வந்தது? இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: பேசாமல் இருந்தது.

அட கிறுக்கி, ஒன்றும் அறியாத கிணற்றையா போட்டு இறைத்தேன் என்று நடு வழியில் நின்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாளைக்குக் கப்பல். இன்று வாயைத் திறக்காவிட்டால் அப்புறம் கடலைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வீட்டுக்குப் போய்த் தொழுவத்து மூலையிலிருந்த சொம்பை எடுத்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், வாய்க்காலைத் தாண்டினாள்.

மரியத்தின் அடுப்பங்கரை காலியாக இருந்தது. பாத்திரமெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டது. அடுப்படியில் ஒரே ஒரு சோற்றுப் பானை மட்டும் கிடந்தது, பக்கத்தில் மரியம் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் பாப்பம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அப்பல்சாமி வாயால கேட்டேன்டி. அந்த அளவுக்கு நான் யாரோ ஆயிட்டனா ஒனக்கு?"

மரியம் நிமிர்ந்து பார்த்தாள். "முன்னாடியே தெரியும்னு நீதானே அக்கா சொன்னே. போகட்டும்னு சொன்னியாமே. ஊரெல்லாம் அதான் பேச்சு. யார் சொல்லியோ தெரிஞ்சுக்கிட்டே, போகாதேன்னு ஒரு பேச்சுக்குக் கூடச் சொல்லலையேன்னு நான் இங்க கெடந்து..."

"பொய்டி அது. நாலு பேரு நடுவுல மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்? அதான் அப்படிச் சொன்னேன். நீ ஏன் வந்து சொல்லல? அதைச் சொல்லு மொதல்ல."

மரியம் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு சொன்னாள்.

"எத்தனை வாட்டி வாய்க்கா வரைக்கும் வந்துட்டுத் திரும்பினேன் தெரியுமா? ஒங்கிட்ட சொல்லிட்டா நெசமாவே போறதா ஆயிடும். சொல்லாத வரைக்கும் இங்கயே இருக்குற மாதிரி இருந்துச்சு."

பாப்பம்மா சொம்பை அவள் மடியில் வைத்தாள். அதற்கு மேல் இருவராலும் தாங்க முடியவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்கள். போகாதேடி என்றாள் பாப்பம்மா, போகத்தான் வேண்டும் என்று தெரிந்தே சொன்னாள். ஒன்றுக்குப் பத்துத் தடவை சொன்னாள். மரியம் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு பழைய கதைகள் வந்தன, கப்பல் கதை வந்தது, தகரத் தட்டு வந்தது. கிணறு இறைத்த கதையைச் சொன்னபோது மரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பானையில என்ன இருக்கு?" என்றாள் பாப்பம்மா.

"காலைச் சோறு. எனக்குத்தான் எறங்கலையே. ஏன்?"

"பசிக்குதுடி."

மூட்டையை அவிழ்த்துத் தட்டு எடுக்கப் பொறுமை இல்லை. பானையை நடுவில் வைத்துக்கொண்டு, உப்பும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு, இருவரும் கை வைத்தார்கள். நல்ல பசியோடு வந்த ஹனீஃப் வாசலில் நின்று பார்த்தபோது பானையின் அடி தெரிந்தது.

"எனக்கு?" என்றார் அவர்.

"ஒங்களுக்குப் பெரிய பாட்டில் மருந்து இருக்கு பாய், அதைக் குடிங்க," என்றாள் பாப்பம்மா.

மறுநாள் நசியா ஆற்றுத் துறையில், கப்பலுக்குக் கொண்டுபோகும் படகு நின்றது. பாப்பம்மா ஸைராவைத் தூக்கி முத்தமிட்டாள், ஹனீஃபுக்கு ஆயிரம் புத்தி சொன்னாள். படகு ஆற்று வளைவில் மறைகிற வரைக்கும் நின்று, ஊர் பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல் அழுதாள். அப்பல்சாமி பக்கத்தில் வந்து, "நீதானே போகட்டும்னு சொன்னே?" என்று கேட்டுவைத்தான்.

"பொய் சொன்னேன்," என்றாள் பாப்பம்மா. "எனக்குத் தெரியவே தெரியாது. போக வேணாம்னுதான் இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு."

சிவனுக்குப் பயம். ஜஹாஜி இருந்தபோதே சோறு இறங்கவில்லை, இனி இவள் எழுந்திருப்பாளா என்று வீட்டுக்கு வந்ததும் தானே அடுப்பு மூட்டினான். ஒதுக்கி வைத்த பருப்பையும் புளியையும் எடுத்து, இறைத்த கிணற்றின் புதுத் தண்ணீரில் ரசம் வைத்தான். பாப்பம்மா கண்ணீர் வழிய வழியத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். மரியம் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மூக்கைச் சிந்தினாள். அழுகை நிற்கவில்லை. தட்டு மட்டும் காலியாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்றாள்.