எட்டுக் குப்பி மருந்து

எங்கள் நர்ஸுக்குச் சோப்பக்கா என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். காட்டுக்குள் ஆற்றோரம் இரண்டு அறை ஆஸ்பத்திரி; பதினோரு வருஷமாக அங்கே எல்லாமே அவர்தான். கட்டில், கத்தரி, கதவுத் தாழ்ப்பாள்வரை தேய்த்துக் கழுவுவார். ஆஸ்பத்திரிப் படகை ஓட்டுகிற என்னையும் விட்டுவைக்க மாட்டார். "கால் கழுவாம உள்ள வந்தீங்க, தெரியும் சேதி!"

பாம்பு கடித்து யார் வந்தாலும் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் அசையாமல் வைப்பார். உறைந்துவிட்டால் காத்திருந்து பார்க்கலாம். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த மழைக்காலத்தில் புதுக் குழாய்கள் தீர்ந்துபோயின. பழையதையே சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்தார்.

அப்போதுதான் பாம்பு கடித்து மரமறுக்கிறவர் ஒருவர் வந்தார். காலில் இரண்டு பல் தடம், வீக்கம்கூட இல்லை. ஆனால் ரத்தம் உறையவில்லை. இருந்த எட்டுக் குப்பி மருந்தையும் அக்கா அவருக்கே ஏற்றினார்.

மூன்றாம் நாள், பாம்பு கடித்த ஒரு ரப்பர் பால் வெட்டும் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கால் தொடைவரை வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது. மருந்து இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகில் ஆறு மணி நேரம். நான் என்னதான் விரட்டியும் நாலாவது மணியில் அக்கா மடியிலேயே போய்விட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சோப்பு போட்டுக் கழுவின குழாயில நல்ல ரத்தம்கூட உறையாம போகும்மா. அந்த ஆளுக்கு மருந்தே தேவைப்பட்டிருக்காது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்தச் சோப்பைச் சந்தையில் வாங்கி வந்து கொடுத்தவன் நான்.

ஒரு மாதம் கழித்து மரமறுக்கிறவர் சிரித்த முகமாக வந்து நின்றார்.

"எட்டையும் எனக்கே போட்டீங்களேக்கா! உங்களாலதான் உசுரோட இருக்கேன்."

பாவி மனுஷன், நேரம் பார்த்தா வருவார்? செத்தவளின் புருஷன் காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அக்கா அவனைப் பார்த்தே சொன்னார். "அவருக்கு அது தேவையே இருந்திருக்காதுப்பா. குழாயைச் சோப்பு போட்டுக் கழுவினது என் தப்பு. மருந்து மிச்சம் இருந்திருந்தா உன் பொண்டாட்டிக்குப் போட்டிருப்பேன்."

மரமறுக்கிறவரின் சிரிப்பு அப்படியே நின்றது. அக்கா நீட்டிய காய்ச்சல் மாத்திரைகளை அவன் வாங்கினான். அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை வேளைக்கா?" என்று கேட்டான்.

மூன்று வேளை என்று நான்தான் சொன்னேன்.