கழுவிய ஒன்பது ஜாஸ் தட்டுகள்

பழைய இசைத்தட்டு விற்பதே பாதிப் பைத்தியம் பிடித்த தொழில், அதிலும் சேலத்தில் உட்கார்ந்து ஜாஸ் விற்பது முழுப் பைத்தியம். பழைய சாமான் வாங்கி விற்கும் என் சக பாவிகளே, நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். சாமானோடு அதன் சொந்தக்காரரும் கூடவே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பிறகு கேட்கிறேன்.

எந்தப் பத்து?

"ஜாஸ் சேர்க்கணும்னா முதல்ல எந்தப் பத்து வாங்கணும்?" இதைக் கேட்காத வாடிக்கையாளரே கிடையாது. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டும் செங்கோடனும் கேட்டார். விரல் விட்டுச் சொன்னேன். நிதானமான ட்ரம்பெட் ஒன்று, சாக்ஸபோன் மூன்று, பெண் குரல் ஒன்று, பெரிய கோஷ்டி இரண்டு, கிடார் ஒன்று, பியானோவும் பேஸும் டிரம்ஸும் மட்டும் பேசிக்கொள்கிற தட்டு ஒன்று. பத்தாவதாக, கிளப்பில் ஆட்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. அதில் டம்ளர் மோதும், யாரோ இருமுவார்கள், அதுதான் அழகு என்று அளந்துவிட்டேன்.

செங்கோடன் காதைத் தேய்த்துக்கொண்டார். "ரிக்கு சத்தம் கேட்டுக் கேட்டுக் காதே மரத்துப் போச்சுங்க பாய், மனுசச் சத்தமே இல்லாததா ஒண்ணு குடுங்க."

ராசிபுரத்துப் பெட்டி

அடுத்த வாரமே ராசிபுரத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. ஒரு பட்டு வியாபாரி போன வருஷம் காலமாகிவிட்டார், அவருடைய ஜாஸ் தட்டுகளை விற்கிறார்கள் என்று தகவல். போய்ப் பார்த்தால் நான் செங்கோடனிடம் ஒப்பித்த அதே பத்து வகை. மனுஷர் என்ன ரசனை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். விலை பேசியது மகள். வியாபாரியின் மனைவி கமலம்மாள் கதவோரம் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ வரைக்கும் கூட வந்த மகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சீக்கிரம் கொண்டு போயிருங்க பாய், அம்மா இந்தத் தட்டுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க."

நாலாவது ஆள்

பெட்டியைக் கடையில் இறக்கியதும், பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பழனிச்சாமி கிளப் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பியானோ தட்டு செங்கோடனுக்கு. மூன்றாம் நாள் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "மூணு பேருன்னு சொன்னீங்க, நாலு பேரு இருக்காங்க" என்றார். போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், ஊசி சும்மா ஓடுகிற இடத்தில், ஒரு ஆண் குரல் "ம்ம்" என்றது. யா அல்லா! ஆனாலும் தொழில்காரன் புத்தி, அழுக்குத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பை வெந்நீரில் கரைத்து, மெல்லிய துணியால் அந்தத் தட்டையும், கடையிலிருந்த மற்ற எட்டையும் சேர்த்துக் கழுவிக் காய வைத்தேன்.

மறுபடி போட்டபோது குரல் இல்லை. செங்கோடன் கடைசி வரை கேட்டுவிட்டு, தட்டை மேஜையிலேயே விட்டு எழுந்தார். "இப்பச் சுத்தமா இருக்குதுங்க. ஆனா பக்கத்துல உக்காந்திருந்த ஆளு எந்திரிச்சுப் போன மாதிரி இருக்குதுங்க பாய்."

கமலம்மாள் வந்தார்

பத்து நாள் கழித்துக் கமலம்மாள் தனியாகப் பஸ் ஏறி வந்தார். வெயிலில் முகம் வாடியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. "ஒரு பாட்டு முடிஞ்சா 'ம்ம்'னுவாரு, அதுதானுங்க அவருக்குப் பாராட்டு. போனதுக்கப்புறமும் சாயங்காலம் போட்டா சொல்லுவாரு. இப்ப ஊட்டுல ஒரு சத்தமில்ல. ஒரே ஒருக்கா போடுங்க, கேட்டுட்டுப் போயிடறேன்."

ஒன்றல்ல, ஒன்பதையும் போட்டேன். பளிச்சென்று ஒலித்தன, பாழாய்ப்போன சுத்தம். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அந்தம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கழுவிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தம்மா திட்டவில்லை. தட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்: "சோப்புப் போட்டா பாய் கழுவுனீங்க?"

வேலூரிலிருந்து ஒரு குரல்

பழனிச்சாமிக்குப் போன் போட்டேன். "கிளப் தட்டைக் கழுவிட்டீங்களா?" இல்லை என்றார். உயிர் வந்தது. யாருக்கு என்று சொல்லவில்லை. தட்டைப் போட்டுப் போனைப் பக்கத்தில் வையுங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். கமலம்மாள் என் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்குக் கைதட்டல் மட்டும் கரகரவென்று கேட்டது. கைதட்டல் ஓய்ந்தது. அந்தம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "இன்னும் இல்லைங்க" என்றார் போனில்.

பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துப் போனை வாங்கினேன். எதிர்முனையில் பழனிச்சாமியின் குரல் நடுங்கியது: "பாய், இத்தனை நாளா 'ம்ம்'னு மட்டுந்தானுங்க சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப 'கமலம், சாப்பிட்டியா'ன்னு கேக்கறாரு. யாருங்க கமலம்?"

அந்தத் தட்டு ராசிபுரத்துக்கே போய்விட்டது, நானும் கழுவுவதை நிறுத்திவிட்டேன், தட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று குறைப்படும் வாடிக்கையாளர்களிடம் யாரென்று விசாரித்துச் சொல்கிறேன் என்கிறேன்.