பலாமர உடுக்கையும் மைதா பசையும்

உடுக்கைக்கு மரம் பார்ப்பதில் நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன். எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு கடைசல் பட்டறை வைத்திருந்தேன். கட்டில் கால், பூரிக்கட்டை, தொட்டில் கம்பு எல்லாம் கடைவேன். ஆனால் குறி சொல்லும் கோடாங்கி யாராவது உடுக்கை கேட்டு வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் மூலைக்குப் போய்விடும். பித்தளை உடுக்கை மதுரையில் ரெடிமேடாகக் கிடைக்கும். அதன் சத்தத்துக்குச் சாமி வராது, ஈயம் பூசுகிறவன்தான் வருவான் என்று கேலி செய்வேன்.

காய்த்த பலாவாக இருக்க வேண்டும், இடி விழுந்த மரம் ஆகாது, வளர்பிறையில் வெட்டியிருக்க வேண்டும், ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் குடைய வேண்டும். இதெல்லாம் கோடாங்கிகள் வைத்திருந்த விதி. இரண்டு முகத்துக்கும் ஆட்டின் இரைப்பைச் சவ்வு. அந்தச் சவ்வை வளையத்தில் ஒட்டுகிற பசைக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது. புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சி ஒட்டி, மூன்று நாள் நிழலில் போடுவோம். அதை யாரும் புனிதமாக நினைத்ததில்லை, நான் உட்பட.

ஒரு மழைக்காலத்தில் எனக்குப் பழக்கமான கோடாங்கி அவசரமாக வந்தார். பழைய உடுக்கை பிளந்துவிட்டதாம். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலக்காட்டு வீடு ஒன்றில் வெள்ளிக்கிழமை குறி பார்க்க வேண்டுமாம். எந்த வீடு என்று கேட்டேன். என் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு. கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. அந்த மழையில் ஏலச்செடியும் அழுகிப் போயிருந்தது. இரண்டு பழியையும் அவள் தலையில் போட்டுவிட்டார்கள். அவள் அந்த வீட்டுக்கு ஆகிறவளா, ஆகாதவளா என்று ஆத்தாவிடம் கேட்பது, ஆகாதவள் என்று வந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு.

வேறொரு அண்ணனாக இருந்தால் அன்றைக்கே மலையேறிச் சண்டை போட்டிருப்பான். நான் நல்ல கட்டை தேடிக் கிளம்பினேன். தங்கைக்காக அடிக்கிற உடுக்கையில் குறை வைக்கலாமா? தேவாரம் வரை போய்க் காய்ந்த பலாக்கட்டை வாங்கிவந்து கடைந்தேன். அதிலேயே நாள் ஓடிப்போய் வியாழக்கிழமை ஆகிவிட்டது. புளியங்கொட்டைப் பசை காய நேரமில்லை. சினிமா சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் மைதா பசை வாங்கித் தடவினேன். மழையெல்லாம் மலைமேல்தான்; போடி வெயிலில் சாயங்காலத்துக்குள் காய்ந்து, தட்டினால் கணீர் என்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கோடாங்கியோடு நானும் ஜீப்பில் ஏறினேன். மேலே மத்தியானமே மூடுபனி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. நடுவீட்டில் சூடம் ஏற்றி அடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் நன்றாக விழுந்தது. பிறகு பொத் பொத்தென்றது. இறுகட்டும் என்று கங்கில் காட்டிச் சூடேற்றிப் பார்த்தார். சவ்வு வளையத்தை விட்டுக் கழன்று சுருண்டது. தங்கை தூணோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். மாமியார்தான் பேசினார்.

“ஆத்தா வாயத் தொறக்க மாட்டேங்குறா. இதுக்கு மேல என்ன குறி வேணும்?”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கோ ஆத்திரம் வந்த பிறகுதான் உண்மை வாயில் வந்தது. அது மைதா பசை, ஈரத்துக்கு நிற்காது, தப்பு என்னுடையது என்று கத்தினேன். தங்கைக்காகப் பொய் சொல்கிறான் என்றார்கள். உடுக்கையைப் பிடுங்கி மறு முகத்தையும் கட்டைவிரலால் நெம்பினேன். சவ்வு கையோடு வந்தது. கோடாங்கி பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் வளையத்தைத் தடவி, விரலில் ஒட்டியதை மோந்து பார்த்துவிட்டு, இவன் சொல்வது நிஜம்தான், அடுத்த வெள்ளிக்கிழமை வேறு உடுக்கையோடு வந்து கேட்போம் என்றார். மாமியாரும் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

அப்பாடா என்று இருந்தது. கொல்லைப்பக்கம் தங்கையிடம் போய், இந்தத் தடவை புளியங்கொட்டைப் பசைதான், மூன்று நாள் காயவிடுவேன், சத்தம் பிசகவே பிசகாது என்று அடுக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

“அது நல்லா அடிச்சு, நான் ஆகாதவன்னு சொல்லிருச்சுன்னா? அப்ப என்னண்ணே செய்வ?”

மரம் எந்தத் தோட்டத்து மரம், எந்தப் பிறையில் வெட்டியது என்று அத்தனை பேரிடம் விசாரித்தவன், உனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவமானமாக இருந்தது.

அவள் உள்ளே போய் நாலு சேலையைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு வந்து, கீழே இறங்குகிற ஜீப்பில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். மறுபடி எப்போது மேலே வருகிறீர்கள் என்று டிரைவர் என்னைத்தான் கேட்டார். வர்றதா இல்லை என்று அவள் சொன்னாள்.