புலி வண்டும் வெள்ளெலியும்

கல்யாணமாகி மூன்றாவது வருடம்தான் நான் எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். மரக்காணத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ். ஊர்ப்பக்கம் உள்ள இரண்டு உயிர்களின் வகைப்பாட்டையும் பாதுகாப்பு நிலையையும் ஒப்பிட்டு வகுப்பில் பேச வேண்டும் என்றார் எங்கள் மேடம். மற்றவர்கள் ஆமை, பூநாரை என்று எடுத்தார்கள். நான் எடுத்தது, உப்பளச் சேற்றில் ஓடும் புலி வண்டும் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் வளை தோண்டும் வெள்ளெலியும்.

உப்பளத்தில் வேலை செய்யும் என் கணவர் சிரித்தார். "நம்ம மல்லாட்டையத் தின்ற எலிக்கா வக்காலத்து வாங்கப் போற?"

வகுப்பில் காட்ட எலியின் படம் கொல்லையிலேயே கிடைத்துவிட்டது. வண்டுதான் படுத்தியது. கிட்டே போனால் பறந்து நாலடி தள்ளி உட்காரும். போனைப் பிடித்தபடி துரத்திய கணவர் பாத்திக்குள் விழுந்தார். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"தொரத்தாதீங்க. சும்மா குந்துங்க, அதுவே வரும்" என்றேன். வந்தது.

வகுப்பில் பலகையை இரண்டாகப் பிரித்து எழுதினேன். இரண்டும் விலங்குதான், அதற்குமேல் பாதை பிரிகிறது. எலிக்கு முதுகெலும்பு உண்டு, பாலூட்டி, கொறிவிலங்கு. வண்டுக்கு ஆறு கால், முதுகெலும்பில்லாத பூச்சி. எந்த உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் எலிக்கு நேரே 'கவலை குறைவு' என்றிருந்தது. என் வண்டு பட்டியலிலேயே இல்லை.

"அப்படின்னா வண்டுக்கு ஆபத்தே இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அப்படியில்லப்பா. எலி பரீட்சை எழுதி பாஸாயிடுச்சு. வண்டுக்கு இன்னும் யாரும் பரீட்சையே வைக்கல. அது நல்லாயிருக்குதா, அழியுதான்னு யாருக்கும் தெரியாது."

மேடம் எழுந்து பலகையருகே வந்தார். "ப்ராஜெக்ட்டுக்கு இந்த வண்டையே எடுத்துக்கோம்மா" என்றார்.

அன்றைக்கு மட்டும் பைக்கில் கூட்டிப்போக வந்திருந்த கணவர் வாசலில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தியவர், முன்பின் தெரியாத கடைக்காரரிடம், "எலிக்கு முதுகெலும்பு இருக்குதுண்ணே, வண்டுக்குக் கெடையாது. ரெண்டையும் வெச்சி எங்க வீட்ல காலேஜ்ல பேசினாங்க" என்றார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

இப்போது உப்பளத்தில் எனக்கு 'வண்டு டீச்சர்' என்று பெயர். பாத்தியில் வண்டைப் பார்த்தால் பெண்கள் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள். நான் ஓடுகிறேன்.