எடம் போட்ட மஞ்சப்பை

எங்கம்மா எறிஞ்சா குறி தப்பாது. பெருமைக்காகச் சொல்லல. அந்தக் காலத்துல திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல காலையில வேங்கிக்கால் டவுன் பஸ்ஸுக்கு நின்ன யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அம்மா சித்தாளு. கலெக்டர் ஆபீஸ் வந்தப்புறம் வேங்கிக்கால்ல புதுசு புதுசா வீடு எழும்பிட்டிருந்துது, அங்க கல்லும் மணலும் சுமக்கத் தினம் போவும். பஸ்ஸு வளைஞ்சு உள்ள நுழையறப்பவே, இடுப்புல சொருகியிருக்கற சும்மாடு துணியை உருவி, சுருட்டி, ஓடற பஸ்ஸோட ஜன்னல்ல வீசும். மூணாவது சீட்டுன்னா மூணாவது சீட்டுதான். அப்புறம் நிதானமா ஏறிப் போய் உக்காந்துக்கும். அப்படி எடம் போட்ட துணியை எடுத்துக் கடாசிட்டு உக்கார்ற தைரியம் எங்க ஊர்ல எவனுக்கும் கிடையாது. கொலையைக்கூட மன்னிச்சுடுவாங்க, இதை மன்னிக்க மாட்டாங்க.

தொண்ணூறுகளோட நடுவுல எனக்கு சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்துது. கலெக்டர் ஆபீஸ்ல பத்து மணிக்கு இருக்கணும், ஒரிஜினல் சர்டிபிகேட் இல்லாதவங்க வரவே வேணாம்னு போட்டிருந்துது. மாசச் சம்பளம்னு ஒண்ணை எங்க வீட்ல யாரும் கண்ணால பாத்ததில்ல. அம்மாவுக்கு இடுப்பு வலி வேற ஜாஸ்தியாயிட்டே இருந்துது. இந்த வேலை கிடைச்சுட்டா அம்மா தலையிலேர்ந்து கல்லை இறக்கிடலாம்னு எனக்கு ஒரே வெறி.

அன்னிக்குன்னு பாத்து பௌர்ணமி! ஊரு கொள்ளாத வெளியூரு ஜனம். டவுன் பஸ்ஸுல பாதியை கிரிவல ஸ்பெஷல்னு திருப்பி விட்டுடுவாங்க. மலை சுத்த வர்றவங்களுக்கு பஸ்ஸு உண்டு, வேலைக்குப் போறவங்களை அண்ணாமலையாருதான் பாத்துக்கணும்.

"நானும் வரேன். நீ எடம் புடிக்கற லட்சணம்தான் தெரியுமே! சேலை கசங்காம உக்காந்து போவணும்டி"ன்னு அம்மாவும் கிளம்பிடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, அதுவும் ஜோராத்தான் இருந்துது. கல்யாணம் காட்சிக்குக் கட்டற சேலை, தலை நிறையப் பூ. இன்டர்வியூவுக்குப் போறவளோட அம்மா சும்மாடு துணியோட வந்தா கௌரவம் என்னாவறதுன்னு, அதை மட்டும் வீட்லயே வெச்சுட்டு வந்துடுச்சு.

ஒம்பது மணிக்கு பஸ்ஸு வளைஞ்சுது. ஜனம் பாஞ்சுது. அம்மா கை தன்னால இடுப்புக்குப் போச்சு. துணி இல்ல. பழகின கை சும்மா இருக்குமா? என் கையில இருந்த மஞ்சப்பையைப் புடுங்கி விட்டுது பாருங்க ஒரு வீச்சு! மூணாவது சீட்டு, ஜன்னலோரம்.

"எப்புடி?"ன்னு என்னைப் பாத்து சிரிச்சுது.

"அடிப்பாவி அம்மா, உள்ள சர்டிபிகேட்டு!"

அதுக்குள்ள டைம் கீப்பர் விசில் ஊதி, டிரைவரைப் பாத்து கையை ஆட்டினாரு. கண்டக்டர் முன்னாடி போர்டைத் திருப்பினாரு. கிரிவலம் ஸ்பெஷல். பஸ்ஸு நிக்கவே இல்ல, அந்தப் பக்கத்து வாசல் வழியா செங்கம் ரோட்டைப் பாத்து போயிடுச்சு. நாங்க நிக்கறோம், என் மார்க் ஷீட்டும் சாதிச் சான்றும் சொகுசா உக்காந்து போவுது.

கெட்டது குடி! அழுகைதான் வந்திருக்கணும். ஆனா சுத்திப் பாத்தா நாங்க மட்டுமில்ல. கலெக்டர் ஆபீஸ் பியூன் ஒருத்தரோட டிபன் கேரியர் போயிடுச்சு. ஒரு கொத்தனாரு எதுவும் கிடைக்காம ஒத்தைச் செருப்பைக் கழட்டி எறிஞ்சிருக்காரு. மீதி ஒத்தைச் செருப்போட அவரு நின்ன கோலத்தைப் பாத்ததும் எனக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துது. தக்காளி இறக்கிட்டுத் திரும்பின ஒரு வேனை அம்மா நடுரோட்டுல நின்னு மறிச்சுது. "அந்த பஸ்ஸப் புடிய்யா, உனக்குப் புண்ணியமாப் போவும்!" எல்லாரும் பின்னாடி ஏறினோம். வேன்காரருக்கு எங்களைவிட குஷி, ஹாரன்லேர்ந்து கையையே எடுக்கல.

ஆசிரமம் தாண்டிதான் பஸ்ஸு கிடைச்சுது. அதுக்குள்ள ஜனம் அடைச்சு, படியில வேற தொங்கறாங்க. என் பை யார் காலடியில மிதிபடுதோ! முட்டி மோதி உள்ள போனா, அய்யோ, அதை எப்படிச் சொல்வேன்! அவ்வளவு கூட்டத்துலயும் மூணு சீட்டு காலி. ஒண்ணுல டிபன் கேரியர், ஒண்ணுல ஒத்தைச் செருப்பு, ஜன்னலோரமா என் மஞ்சப்பை. பக்கத்துல வெளியூர்க்காரர் ஒருத்தர் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, கம்பியைப் புடிச்சு வேர்க்க வேர்க்க நிக்கறாரு.

"யாரோ எடம் போட்டிருக்காங்கம்மா"ன்னாரு என்கிட்டயே.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பையை மார்போட அணைச்சுக்கிட்டேன். "இது எங்க எடம்தான், நீங்க உக்காருங்க"ன்னு அம்மா தாராளமா பட்டா எழுதிக் குடுத்துட்டு இறங்குச்சு.

அதே வேன்ல திரும்பி கலெக்டர் ஆபீஸுக்குப் பறந்தோம். போய்ச் சேர்றப்ப பத்தே கால். நல்லவேளை, என் பேரு கடைசியில இருந்துது. அதிகாரி சர்டிபிகேட்டைப் புரட்டினாரு. என் சேலையில இருந்த தக்காளிக் கறையைப் பாத்தாரு. "ஏம்மா, தினமும் நேரத்துக்குப் போவணுமே, பஸ்ஸு வரலன்னா என்ன பண்ணுவ?"ன்னாரு.

அவ்வளவுதான். அதுவரைக்கும் அடக்கி வெச்ச சிரிப்பு வெடிச்சுது. முந்தானையால வாயைப் பொத்தறேன், தோளு குலுங்குது, நிறுத்த முடியல. வாசல்ல நின்ன அம்மா நான் அழறேன்னு நினைச்சுடுச்சு. கதவுகிட்ட நின்னது அந்த டிபன் கேரியர் பியூன்தான், அவரு எங்க தடுக்கப் போறாரு? நேரா உள்ள வந்துது.

"ஏன் சார் எம்பொண்ணை அழ வெக்கறீங்க? பஸ்ஸு வரலன்னா நடந்து போவா சார். எந்தக் காட்டுல போட்டாலும் நடந்தே போவா!"

அதிகாரி எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. பேனாவைத் தொறந்து என்னமோ எழுதிக்கிட்டாரு.

ஒரு மாசத்துல ஆர்டர் வந்துது. அம்மா அதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுது. அப்புறம்தான் எந்த ஊருன்னு கேட்டுது. சொன்னேன். மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள நாலு கிலோமீட்டர், பஸ்ஸே போகாத ஊரு.

"அய்யய்யோ, நான்தான் வாயைக் குடுத்துட்டனா?"ன்னு அம்மா தலையில கை வெச்சுக்கிச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், அப்புறம் அதுவும் சிரிச்சுது.

அடுத்த திங்கக்கிழமையிலேர்ந்து அம்மா கல்லு தூக்கப் போகல. நான் நடக்க ஆரம்பிச்சேன்.