திருப்பத்தில் தாழ்ந்த சத்தம்

கடைசிப் பந்தயத்தில் ரங்கராஜன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தானா, இல்லையா? அவனை அறிந்த உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலை கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "கார் கவுந்துடிச்சிம்மா. சாமி போய்ட்டாரு" என்றார் அவனுடைய மெக்கானிக் ஏழுமலை.

ரங்கராஜன் என் சித்தப்பா மகன். திருவள்ளூர்க் கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அவன் மட்டும் கும்மிடிப்பூண்டியில் லேத் பட்டறை வைத்தான். பழைய கார் ஒன்றின் சட்டத்தின்மேல் தானே தகரம் வளைத்து, இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கார் கட்டினான். சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயங்களில் அதை ஓட்டினான். ஒரு பரிசும் வாங்கியதில்லை.

காரணம் ஒரு திருப்பம். சுற்றுப்பட்டு ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தடுப்புக் கயிற்றை ஒட்டி நிற்பது அங்கேதான். மற்றவர்கள் மிதித்த கால் மிதித்தபடியே வளைவார்கள். இவன் காலை எடுத்துவிடுவான். காரின் சத்தம் ஒரு கணம் தாழும். பின்னால் வருபவர்கள் கடந்துவிடுவார்கள்.

"இன்னா சாமி, அங்க வந்தா மட்டும் சேவிச்சிக்கினு நிக்கிற?" என்று ஏழுமலை கேலி செய்வார். அவர் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்தவர். "காத்து நல்லா அடிக்கறப்ப பாய எறக்குற ஆள எங்க ஊர்ல படகுலயே ஏத்த மாட்டாங்க."

"உங்க ஊர்ல கடல் நடுவுல ஜனம் நிக்கறதா, ஏழுமலை?" என்று இவன் திருப்பிக் கேட்பான்.

பயமா என்று நானும் ஒருமுறை கேட்டேன். "என்னைப் பத்தி இல்லேக்கா. அந்த எடத்துல எனக்கு ரோடு தெரியல, மூஞ்சிதான் தெரியறது. ஒரு நாள் யாராவது ஒரு அடி முன்னால வைப்பா." எனக்குச் சகுனங்களில் நம்பிக்கை கிடையாது. அவன் சொன்னது சகுனமும் அல்ல. கயிற்றைப் பின்னுக்குத் தள்ளும்படி பந்தயம் நடத்தியவர்களிடம் கேட்டான், சிரித்து அனுப்பினார்கள்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, "இந்தத் தடவை காலை எடுக்கப் போறதில்லே. ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டு வண்டியை வித்துடறேன்" என்றான். கூட வந்திருந்த அவன் மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தச் சனிக்கிழமை அதே திருப்பத்தில், காற்றில் பறந்துபோன தோள்துண்டை எடுக்க ஒருவர் கயிற்றைத் தாண்டியிருக்கிறார். கார் ஆளில்லாத பக்கம் சட்டென்று திரும்பி வயலில் கவிழ்ந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதற்கு முன் சத்தம் தாழ்ந்தது என்கிறார்கள் சிலர். இல்லவே இல்லை என்கிறார்கள் சிலர். கூச்சலில் தனக்குக் கேட்கவில்லை என்கிறார் ஏழுமலை.

முந்தைய பந்தயங்களில் நான் கேட்ட அந்தத் தாழ்வு மட்டுமே அவனுடையதாக என்னிடம் இருக்கிறது.

மறுநாள் உடலைப் பெறப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஏழுமலை சோழவரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. கவிழ்ந்த இடத்தைப் பார்க்க, திருப்பத்தில் ஜனங்கள் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"பின்னால போங்கய்யா!" என்று கத்தினார் ஏழுமலை.

"பேஜார் பண்ணாத நைனா" என்றார் தோளில் பிள்ளையோடு நின்ற ஒருவர். "நேத்துதான் பாத்தமே. காரு நம்ம மேல வராது. அதுவே ஒதுங்கிக்கும்."

ஒரு கார் வந்தது. திருப்பத்தில் அதன் சத்தம் தாழவில்லை.