குறி போட்ட பீங்கான்

ஞாயிற்றுக்கிழமை காலை தொழிற்சாலை கேட்டில் நுழையும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. தொலைந்தோம் என்று ஓடினேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் மின்கம்பத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்துகொண்டிருந்தோம். சூளையிலிருந்து வருவதைச் சோதிப்பது என் வேலை. விரிசல், கோணல் இருந்தால் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்ததை முனுசாமி உடைப்பார். ரிஜெக்ட் ஒன்றுகூட முழுசாக வெளியே போகக்கூடாது.

மெட்ராஸில் சிற்பம் படித்த வசந்தா என்ற பெண்ணுக்கு அந்த ரிஜெக்ட்தான் வேண்டுமாம். வாங்கிப்போக அல்ல. எங்கள் யார்டிலேயே வரிசையாக நிறுத்தி, ஜனங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாளாம்.

"இதுல பாக்க இன்னாமா இருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க நேராத்தான் செஞ்சீங்க. நெருப்பு அதை எப்படி வளைச்சிருக்கு பாருங்க சார்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு மண்டைக் குடைச்சல்.

மாதக்கணக்காக அலைந்து அனுமதி வாங்கினாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான். சாயங்காலம் எல்லாத்தையும் ஒடச்சிடணும். ஒண்ணு வெளிய போனாலும் உன் வேல போயிடும்."

சனிக்கிழமை நானும் அவளும் அடுக்கி வைத்தோம். அன்று முனுசாமி லீவு. மறுநாள் ஓவர்டைமுக்கு வந்தவர், குறியோடு வரிசையாக நிற்பதைப் பார்த்து, தனக்காக வைத்தது என்று முதல் வரிசையை முடித்துவிட்டார்.

"இன்னா சார் கத்தறீங்க? நீங்க போட்ட குறிதானே?" என்றார்.

வசந்தா வந்து பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. குனிந்து சில்லுகளைப் புரட்டிப் பார்த்தவள், முனுசாமியிடம், "அண்ணே, இது இப்படியே கிடக்கட்டும். மிச்சத்தை ஜனங்க முன்னாடி ஒடைங்க" என்றாள். இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன்.

ஜனங்கள் வந்தார்கள். வரிசைக்குள் நடந்தார்கள், குனிந்து தடவினார்கள். இடுப்பு சாய்ந்த ஒன்றைப் பார்த்து ஓர் அம்மாள், "ஐய, இது தூங்கி வழியுது பாரேன்!" என்று சிரித்தாள். முனுசாமியும் எட்டிப் பார்த்தார்.

வசந்தா தலையசைத்தாள். அவர் ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது.

"அடிங்கண்ணே."

"போம்மா. இத்தினி பேரு பாத்துக்கினு இருக்கசொல்லோ எப்டி அடிக்கிறது? ஆள அடிக்கிறா மாதிரி கீது."

கூட்டம் கலைந்த பிறகும் அவர் சுத்தியலைத் தொடவில்லை. "இன்னிக்கு என்னால ஆவாது சார்" என்று போய்விட்டார். என் வேலை எனக்கு முக்கியம். நானே உடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அழுகை வந்தது.

சோதனைப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். குறி போடுகிறவன் ஒரு நாளாவது சுத்தியலைப் பிடிக்கவேண்டும்.